லிமிட் இருந்தும் கார்டு டிக்ளைன் ஆனது: வங்கி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சிவகாசியில் திருமணப் பத்திரிகை, காலண்டர் டிசைன் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். டிசைன் சாஃப்ட்வேருக்குப் போன வருடம் கிரெடிட் கார்டில் ஆண்டுச் சந்தா கட்டி, ஆட்டோ பேயும் போட்டேன். இந்த வருடம் புதுப்பிக்க வேண்டிய 21,000 ரூபாய் 'டிக்ளைன்' ஆகி, சாஃப்ட்வேர் முடங்கிவிட்டது. கார்டில் ஒரு லட்சத்துக்கு மேல் லிமிட் இருந்தது. மறுநாள் நானே கட்டினேன். கார்டில் பணம் பிடித்தார்கள், ஆனால் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை. 12 நாள் கழித்துத்தான் திரும்ப வரவானது. முகூர்த்த சீசனில் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. வங்கியும் நிறுவனமும் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: இரண்டு விவகாரங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டோ பே நின்றதில் வங்கி மீது தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. மறுநாள் நடந்ததில் வங்கி உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது. தொகை சிறியதுதான்.

கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2019-ல் விதிகள் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அவை கறாராக அமலுக்கு வந்தன. ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு முதலில் 2,000, அப்புறம் 5,000, 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய். இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு லட்சம். சாஃப்ட்வேர் அந்தச் சலுகையில் வராது. போன வருடம் வாங்கும்போது நீங்களே உட்கார்ந்து ஓடிபி போட்டிருப்பீர்கள், அதனால் பணம் போய்ச் சேர்ந்தது. இந்த வருடம் நிறுவனத்தின் கணினி தானாகக் கேட்டது, ஓடிபி போட ஆளில்லை. கார்டில் எத்தனை லட்சம் லிமிட் இருந்தாலும் இங்கே உதவாது.

ஆனாலும் ஒன்றைச் சரிபாருங்கள். ஆட்டோ பேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வரம்பு தாண்டிய தொகையென்றால் ஒப்புதல் கொடுக்கும் இணைப்பையும் பல வங்கிகள் அதிலேயே வைக்கின்றன. கடன் வேண்டுமா என்று தினமும் வரும் எஸ்எம்எஸ் குப்பைக்குள் அது புதைந்திருக்கலாம். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். தகவல் வந்து நீங்கள் கவனிக்கவில்லை என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. வரவே இல்லை, அல்லது புது எண்ணை எழுதிக் கொடுத்தும் வங்கி பழைய எண்ணுக்கே அனுப்பியது என்றால், அது சேவைக் குறைபாடு. இடையில் கார்டு மாறியிருந்தாலும் சொல்லுங்கள். 2022 அக்டோபர் முதல் நிறுவனங்கள் கார்டு எண்ணைச் சேமிக்க முடியாது, அதற்குப் பதிலான மாற்றுக் குறியீடு, அதாவது டோக்கன்தான். புதுக் கார்டுக்குப் பழைய டோக்கன் செல்லாமல் போயிருக்கலாம்.

இரண்டாவது விவகாரத்தில் சட்டம் தெளிவு. ஆன்லைனில் கார்டில் பணம் பிடித்து, விற்றவருக்கு உறுதி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. உங்களுக்கு 12 நாள் ஆனது, ஆக 700 ரூபாய். நீங்கள் கேட்காமலே வரவு வைத்திருக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் இல்லையென்றால் விடாதீர்கள்.

ஆர்டர் போன நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையம் போகலாமே என்பீர்கள். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது, 'இவர் வியாபாரத்துக்காக வாங்கியவர், நுகர்வோரே இல்லை' என்ற வாதத்தைத்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சுயதொழிலால் பிழைப்பவருக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த விளக்கத்தில் 'பொருள்' என்றுதான் இருக்கிறது, 'சேவை' என்று இல்லை. இதை வைத்தே இழுத்தடிப்பார்கள். முதலில் அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். டிக்ளைன் ஆனதற்குப் பதிவாகியிருக்கும் காரணம் என்ன, முன்தகவல் எந்தத் தேதியில் எந்த எண்ணுக்குப் போனது, 700 ரூபாய் எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகப் பேசியதற்குச் சாட்சி கிடையாது, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, உடனே வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் இல்லை, விவரத்துக்கு 14448 என்ற எண் இருக்கிறது. வக்கீல் மூலம் மனுப் போடவும் அங்கே அனுமதியில்லை. எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். வங்கியின் குறையால் நேர்ந்த நஷ்டத்துக்கும் இழப்பீடு தரச் சொல்ல ஓம்புட்ஸ்மேனுக்கு அதிகாரம் உண்டு. அதனால் கைவிட்டுப் போன ஆர்டர்களின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். இதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடுத்த வருடத்துக்கு, மாதச் சந்தா கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் 15,000-க்குள் இருப்பதால் தடையில்லாமல் போகும். ஆண்டுச் சந்தாதான் கட்டுப்படியாகும் என்றால், ஆட்டோ பேயை நம்பாமல் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே நீங்களே கட்டிவிடுங்கள்.