ரியாக்ட் கைவந்தவர் சாலிட்டைப் பழகும்போது

கேள்வி: ஏழெட்டு ஆண்டுகளாக, வலைத்திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டில் வேலை செய்கிறேன். புதிதாக ஒன்றைப் பழகலாம் என்று அதே வேலைக்கான சாலிட் ஜேஎஸ்ஸை எடுத்தேன். ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் முறை) அப்படியே இருப்பதால் திரை சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் மேல் காம்போனென்டில் (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் ஃபங்ஷனில்) மதிப்பு மாறினாலும் உள்ளே இருப்பது பழையதையே காட்டுகிறது. எர்ரர் எதுவும் வரவில்லை. தொடக்கநிலைப் பாடங்களை முதலிலிருந்து பார்க்கப் பொறுமை இல்லை. எப்படிப் பழகுவது?

பதில்: ரியாக்டிலிருந்து வருபவர்களிடம் இந்த அறிகுறி தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது காம்போனென்டின் முதல் வரியைத்தான். பழைய வழக்கப்படி ப்ராப்ஸை (மேல் காம்போனென்ட் அனுப்பும் மதிப்புகளை) அங்கேயே தனித்தனியாகப் பிரித்து வாங்கியிருப்பீர்கள். சாலிட்டில் அந்த இடத்திலேயே தொடர்பு அறுந்துவிடும்.

ரியாக்டில் ஸ்டேட் (காம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) மாறினால் காம்போனென்ட் ஃபங்ஷன் மறுபடி ஓடும். சாலிட்டில் அது ஒரே ஒரு முறைதான் ஓடும். டாமை (உலாவி காட்டும் பக்கத்தின் கட்டமைப்பை) கட்டிக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் சிக்னலை (மாறும்போது தன்னைப் படித்த இடங்களுக்குத் தெரிவிக்கும் மதிப்பை) எந்த இடத்தில் படித்தீர்களோ அந்த இடம் மட்டும் புதுப்பிக்கப்படும். மாறக்கூடிய ப்ராப்ஸ் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கெட்டர் (படிக்கும்போதெல்லாம் ஓடி மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) இருக்கிறது. பிரித்து எடுத்தவுடன் அந்தக் கெட்டர் ஓடி, அப்போதைய மதிப்பை ஒரு சாதாரண மாறியில் போட்டுவிடும். பிறகு அதைப் புதுப்பிக்க யாரும் இல்லை. ஆகவே ஜேஎஸ்எக்ஸுக்குள் தேவைப்படும் இடத்திலேயே ப்ராப்ஸ்.நேம் என்று எழுதுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால், தொடர்பு அறாமல் பிரிக்கும் ஸ்ப்ளிட்ப்ராப்ஸ் இருக்கிறது.

இதை நம்ப, காம்போனென்டின் உள்ளே ஒரு கன்சோல் லாக் போட்டுப் பாருங்கள். எத்தனை முறை சொடுக்கினாலும் அது மறுபடி அச்சாகாது. என் கருத்தில் பல மணி நேர வீடியோக்களைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

இது புரிந்துவிட்டால் மற்றவை வரிசையாகப் புரியும். 'தரவு இன்னும் வரவில்லையென்றால் இங்கேயே ரிட்டர்ன்' என்று காம்போனென்டின் நடுவில் எழுதுவது வேலை செய்யாது, அந்த முடிவு ஒரு தடவைதான் எடுக்கப்படும். அதற்கு, நிபந்தனைப்படி காட்டும் ஷோ என்ற காம்போனென்ட் இருக்கிறது. பட்டியலுக்கு மேப்புக்குப் பதில் ஃபார். மறுபடி ஓடும்போது அதே ஃபங்ஷனை வைத்துக்கொள்ள ரியாக்டில் எழுதும் யூஸ்கால்பேக்குக்கு இங்கே வேலையே இல்லை. எஃபெக்டுக்கு (மதிப்பு மாறும்போது ஓடும் ஃபங்ஷனுக்கு) எதைச் சார்ந்திருக்கிறது என்று பட்டியல் தர வேண்டாம், உள்ளே படித்ததை அதுவே கவனித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டுக்குப் பிறகு படிப்பதையும், தாமதித்து ஓடும் செட்டைம்அவுட்டுக்குள் படிப்பதையும் அது கவனிக்காது. கோடில் தவறுகளைத் தேடும் கருவியான ஈஎஸ்லின்ட்டின் சாலிட் பிளகினை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தவறுகளில் பலவற்றை அது சுட்டிக்காட்டும்.

சரி, எதைக் கட்டிப் பழகுவது? டூடூ பட்டியல் வேண்டாம். அனுபவம் உள்ளவருக்கு அதில் எதுவும் இடறாது, இடறாவிட்டால் எதுவும் தெரியவும் வராது. 7குய்ஸ் என்ற ஏழு பயிற்சிகளின் தொகுப்பில் டைமரை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடரை நகர்த்தி மொத்த நேரத்தை மாற்ற வேண்டும். முடிந்து நின்ற டைமர், நேரத்தைக் கூட்டினால் தொடர்ந்து ஓட வேண்டும். ரியாக்டில், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட்இன்டர்வெலுக்குள் பழைய மதிப்பு சிக்கிக்கொண்டு படுத்திய பாடு உங்களுக்கு நினைவிருக்கும். சாலிட்டில் சிக்னலைப் படிப்பது ஒரு ஃபங்ஷன் அழைப்பு என்பதால் எப்போதும் புது மதிப்பே கிடைக்கும். ஆனால் நின்றதை மீண்டும் ஓடவைக்க, எஃபெக்ட் கவனிக்கும் இடத்தில் மொத்த நேரத்தைப் படித்திருக்க வேண்டும். பழைய டைமரை, எஃபெக்ட் மறுபடி ஓடும் முன் அழைக்கப்படும் ஆன்கிளீன்அப்பில் நிறுத்தவும் மறக்காதீர்கள். அது முடிந்ததும் அதே தொகுப்பின் செல்ஸ்: ஏ முதல் இசட் வரை, 0 முதல் 99 வரை ஒரு சிறு விரிதாள். ஒரு கட்டம் மாறினால் அதைச் சார்ந்தவை மட்டும் மாற வேண்டும். சிக்னல்களின் அருமை அங்கே தெரியும்.

சாலிட்டை அலுவலகத்தில் எடுக்காவிட்டாலும் இந்த உழைப்பு வீணாகாது. 2010-இல் வந்த நாக்அவுட் லைப்ரரியின் அப்சர்வபிள்களில் இருந்த எண்ணம்தான் இது. ஆங்குலர் ஃப்ரேம்வொர்க் 2023-இல் சிக்னல்களைச் சேர்த்தது. 2024-இல் வந்த ஸ்வெல்ட் 5 ஃப்ரேம்வொர்க்கின் ரூன்ஸும் அதே வழிதான். சிக்னல்களை ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்க்கும் முன்மொழிவும், அந்த மொழியின் தரத்தை வகுக்கும் டிசி39 குழுவில் இருக்கிறது.

வேலைக்கு எடுப்பது பற்றி: வேக ஒப்பீட்டு அட்டவணைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயிரம் வரிசை உருவாக்கும் வேகம் உங்கள் படிவத் திரைகளுக்குப் பெரிதாக உதவாது. பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியல் உள்ள உங்கள் பேக்கேஜ்.ஜேசன் கோப்பைத் திறந்து, டேட் பிக்கர், டேபிள், சார்ட் என்று நம்பியிருக்கும் லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் சாலிட்டில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஜேஎஸ்எக்ஸ் ஒன்றுபோல் இருந்தாலும் ரியாக்ட் காம்போனென்டுகளை அப்படியே கொண்டுவர முடியாது. சர்வரிலிருந்து தரவைக் கொண்டுவர உதவும் டான்ஸ்டாக் குவெரிக்குச் சாலிட் வடிவம் உண்டு. அணுகல்தன்மையோடு கூடிய அடிப்படைக் கூறுகளுக்குக் கோபால்டே என்ற லைப்ரரி உண்டு. எந்த ஃப்ரேம்வொர்க்கையும் சாராத டி3 (வரைபடங்கள் வரையும் லைப்ரரி) போன்றவற்றை, திரையில் ஏறியதும் ஓடும் ஆன்மவுன்ட்டில் ஒரு ரெஃப் (டாம் கூறைச் சுட்டும் மாறி) கொடுத்து நேராக இணைத்துவிடலாம். காம்போனென்ட் மறுபடி ஓடாததால் இந்த இணைப்பு ரியாக்டைவிட இங்கே எளிது.