முந்திரி மரத்தை மொட்டையடிக்கலாமா?

கேள்வி: எங்கள் முந்திரி மரங்களுக்கு 15 வயது. கிளைகள் பின்னிக்கொண்டு உள்ளே ஒரே இருட்டு, காய்ப்பும் குறைகிறது. மேல்பாதியை மொத்தமாக வெட்டிவிடலாமா? இடையில் நட்ட ஒட்டுக்கன்றுகளையும் கவாத்து செய்ய வேண்டுமா?

பதில்: தயவுசெய்து மொட்டையடிக்காதீர்கள். மரம் துளிர்க்கும்தான். ஆனால் அப்படிச் சோர்ந்துபோன மரத்தைத் தண்டு துளைப்பான் (தண்டைக் குடையும் வண்டின் புழு) சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தூரில் பிசினும் மரத்தூளும் கண்ணில் படுவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முந்திரி பூப்பது அந்தப் பருவத்துத் துளிரின் நுனியில். வெயில் படாத துளிர் சரியாகப் பூக்காது. அதனால்தான் உங்கள் மரங்களின் உட்புறம் வெறும் விறகாக நிற்கிறது. உள்ளே வெயிலை இறக்க வேண்டும், அதுவும் சிறுகச் சிறுக.

அறுவடை முடிந்து, அடுத்த துளிர் வருவதற்கு முன், மழையில்லாத நாளாகப் பாருங்கள். முதல் ஆண்டு காய்ந்த கிளைகள், நோய்ப்பட்டவை, ஒன்றோடொன்று உரசுபவை, அப்புறம் நேரே மேலே கிளம்பும் போத்துகள். இவ்வளவு எடுத்தாலே நல்ல வெளிச்சம் வந்துவிடும். பின்னிக்கிடக்கும் பெரிய கிளைகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒன்றிரண்டாக எடுக்கலாம். ஓர் ஆண்டில் பச்சைக் கிளைகளில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

எந்த இடத்தில் அறுப்பது என்பதில்தான் நான் ஒரு மரத்தையே பறிகொடுத்தேன். என்னிடம் இருந்ததிலேயே நன்றாகக் காய்த்த மரம். சுத்தமாக இருக்கட்டும் என்று கிளையைத் தண்டோடு வழித்து அறுத்தேன். காயம் மூடவேயில்லை. நாலாம் ஆண்டு உள்ளே பொந்து விழுந்து, ஒரு காற்றில் பிளந்துபோனது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே அறுங்கள். காயத்தை மூடும் புதுப்பட்டை அங்கிருந்துதான் வளர வேண்டும்.

கனமான கிளை என்றால், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்குங்கள். மிச்சமுள்ள கட்டையைக் கடைசியில் எடுக்கலாம். நேரடியாக மேலிருந்து அறுத்தால், விழுகிற கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டே போகும்.

வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க போர்டோ பசை பூசுங்கள். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியே 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

ஒட்டுக்கன்றுகளில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளுங்கள்; அது வேர்ச்செடியின் (ஒட்டுக் கட்டிய அடிச்செடியின்) துளிர், ஒட்டையே அமுக்கிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் பூவையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். கன்று முதலில் தண்டும் கிளையும் பிடிக்கட்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்க விடலாம்.