யானையும் தண்ணீரும்: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

தண்டையார்பேட்டை: சார், யானை தும்பிக்கையாலதானே தண்ணி குடிக்குது? புரையேறாதா?

தும்பிக்கையில் உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அது மூக்கு, மூக்கால் குடித்தால் நமக்கு ஆவதுதான் அதற்கும் ஆகும். வளர்ந்த யானை ஒரு உறிஞ்சலில் சுமார் 8 லிட்டர் எடுக்கும், லாரித் தண்ணி பிடிக்கிற குடத்தில் பாதி. குட்டிக்கு முதல் சில மாதம் தும்பிக்கை சொன்ன பேச்சு கேட்காது. வாயை வைத்தே குடிக்கும்.

காசிமேடு: கடல்ல யானை நீந்துமாண்ணே?

நீந்தும். 2017 ஜூலையில் இலங்கையின் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு யானை நீந்திக்கொண்டிருந்தது. கடற்படை கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது. அந்தமானில் மரம் இழுத்த யானைகள் தீவு விட்டுத் தீவு நீந்தியிருக்கின்றன. எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய நுரையீரலும் வாயு நிறைந்த குடலும் மிதக்க வைக்கும். நாலு காலும் நடப்பது மாதிரியே துழாவும். உச்சந்தலையும் தும்பிக்கை நுனியும்தான் வெளியே தெரியும். சில நேரம் தலையும் முங்கிவிடும், நுனி மட்டும் நிற்கும்.

காசிமேடு: அப்ப நானும் மூணு மீட்டர் பைப்ப வாய்ல வெச்சிக்கினு அடியில உக்காரலாமே?

செத்துப்போவீர்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் தண்ணீர் 200 கிராம் கூடுதலாக அழுத்தும். உங்கள் நெஞ்சு 30க்கு 30 என்று வைத்தால் 180 கிலோ. மூன்றரை மூட்டை சிமெண்டைத் தூக்கித்தான் ஒவ்வொரு மூச்சும் இழுக்கணும். இன்னொன்று: ஒரு அங்குல பைப் மூன்று மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் காற்று பிடிக்கும். சாதாரண மூச்சு அரை லிட்டர். விட்ட காற்றையே திரும்ப இழுப்பீர்கள்.

எண்ணூர்: குறுக்க வரேன் சார். ஓஸ்ல காத்து வாங்கிக்கினு அடியில வேலை பாக்குறவங்க இருக்காங்களே?

அது கம்ப்ரசர். காற்றே அந்த ஆழத்தின் அழுத்தத்தில் வருகிறது. நெஞ்சுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் சமம். வெறும் பைப்பில் வருவது மேலே இருக்கும் காற்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

காசிமேடு: யானைக்கு எந்த கம்ப்ரசர்ணே?

நல்லா மடக்கினீர்கள். கம்ப்ரசர் இல்லை, உள்கட்டு வேறு. நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி, அதில் துளி திரவம். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து மேல்காற்றை இழுத்தால் அங்கிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தாங்காது. யானைக்கு அந்த இடைவெளியே கிடையாது. நாரிழைத் திசு நிரம்பி, நுரையீரலைச் சுவரோடு ஒட்டிவைத்திருக்கிறது. 2001இல் ஜான் வெஸ்ட் என்ற உடலியங்கியல் அறிஞர், இந்த அமைப்பு முங்கியபடி தும்பிக்கையால் மூச்சுவிடுவதற்காக வந்தது என்று வாதிட்டார். மூச்சுத்தசையும் அதற்கு வலு அதிகம்.

கொருக்குப்பேட்டை: பக்கிங்காம் கால்வாய்ல குளிப்பாட்டலாமா?

நீங்கள் கால் வைப்பீர்களா?

திருவொற்றியூர்: கோயில் குளத்துல இறக்கலாமா ஐயா?

பாசி பிடித்த குறுகிய படிக்கட்டில் வேண்டவே வேண்டாம். அதன் பாதத்துக்குப் படி போதாது. இறங்கும்போது வழுக்கினால்கூடத் தண்ணீர் தாங்கும். ஏறும்போது முழு எடையும் பின்னங்காலில். சாய்தளம் கட்டி, சிமெண்ட் காயும்முன் குறுக்கே வரி போட்டுச் சொரசொரப்பாக்குங்கள். இறங்க வழி இருந்தால் போதாது, ஏற வழி வேணும்.

இல்லையென்றால் குழாயடியே நல்லது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தேங்காய் மட்டையால் தேய்க்கணும். காதுக்குப் பின்னால், காலிடுக்கு, நக இடுக்கு என்று கல் பார்த்து எடுங்கள். வெகுநேரம் ஒரே பக்கம் போடாதீர்கள், சொந்த எடையே நுரையீரலை அழுத்தும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் கசிந்தால் குளியலே வேண்டாம், கிட்டப் போகாதீர்கள்.

வியாசர்பாடி: தும்பிக்கையால குடிச்சா மூச்சு முட்டாதா?

தண்டையார்பேட்டைக்குச் சொன்ன பதில்.

ராயபுரம்: கஜேந்திர மோட்சத்துல மாதிரி முதலை யானையப் புடிக்குமா?

தும்பிக்கையையோ காலையோ கவ்வும். வளர்ந்த யானை அநேகமாக உதறிவிடும். குட்டிதான் ஆபத்தில்.

பெரம்பூர்: குளிச்ச கையோட ஏன் சேத்த வாரிப் போட்டுக்குது?

வெயிலுக்கும் பூச்சிக்கும். வியர்வைச் சுரப்பி நகத்தோரம் தவிர இல்லை. தோல் சுருக்கத்தில் ஈரம் தங்கினால்தான் உடம்பு குளிரும். அழுக்கு என்று உடனே கழுவிவிடாதீர்கள்.

புளியந்தோப்பு: தும்பிக்கையில எப்பிடி தண்ணி குடி...

மேலே பாருங்கள்.

மாதவரம்: இவ்ளோ நீச்சல் தெரிஞ்சும் ஏன் சாகுது?

இரண்டு இடத்தில். ஒன்று, அருவிக்கு மேலே இழுப்பு: 2019 அக்டோபரில் தாய்லாந்தின் ஹேவ் நரோக் அருவியில் 11 யானைகள் இறந்தன. இரண்டு, வழவழவென்று கான்கிரீட் பூசிய பாசனக் கால்வாய். நீந்திக்கொண்டே இருக்கும், ஏற முடியாது, களைத்துவிடும். அப்போது மதகை மூடி ஓட்டத்தைக் குறைத்து, ஜேசிபியால் கரையைச் சரிவாக வெட்டிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்தணும். கூட்டம் கத்தினால் எதிர்க்கரைக்குத் திரும்பிப் போய்விடும்.

காசிமேடு: ஒரு மீட்டர் பைப்பாச்சும்...?

ஒரு அடி. அதுக்கு மேல கேக்காதீங்க.