திரும்பும் நேரத்தை வீட்டிலேயே எழுதிவிடுங்கள்

கேள்வி: ஆறு வருடமாகக் குழுவோடு மலையேறுகிறேன். இந்த அக்டோபர் கடைசியில், இலையுதிர்காலத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சிகரத்துக்குத் தனியாகப் போக ஆசை. போக வர 20 கிலோமீட்டர்; ஏற்றம் 1,200 மீட்டர். அன்று காலை 7 மணிக்கு விடிந்து மாலை 5.30-க்குச் சூரியன் மறைகிறது. வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். போகலாமா? பாதியில் திரும்ப நேர்ந்தால் அத்தனையும் வீண்தானே என்ற எண்ணமும் உறுத்துகிறது. (ஒரு வாசகி)

பதில்: போகலாம். ஆனால் வீட்டாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். குழுவில் கணுக்கால் பிசகினால் தோள் கொடுக்க ஆள் உண்டு. தனியாகப் போனால் அதே பிசகு ஒரு ராத்திரி முழுக்க உங்களை மலையில் உட்கார வைத்துவிடும்.

முதலில் நேரக் கணக்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. உங்கள் பாதைக்கு 6 மணி நேரம் வரும். இதில் ஓய்வு இல்லை, சாப்பாடு இல்லை, வழி தேடித் தடுமாறுவதும் இல்லை. எட்டரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பினால் மாலை மூன்றரைக்கு அடிவாரம். வெளிச்சம் மிச்சம் இரண்டே மணி நேரம். ஆகவே 12.30 ஆனதும், எங்கே நின்றாலும் சரி, திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் வைத்தே ஒரு தாளில் எழுதி, போகும் வழியையும் குறித்து, நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ஒருமுறை இதேபோல இலையுதிர்காலத்தில் ஒரு சிகரத்துக்குப் போனபோது, பகல் ஒரு மணிக்குத் திரும்புவதாக மனதில் நினைத்திருந்தேன், எழுதி வைக்கவில்லை. உச்சி கண்ணெதிரே தெரிந்தது. 'இன்னும் கொஞ்சம்தான்' என்று இரண்டு மணி தாண்டியும் ஏறினேன். கடைசியில் உச்சியைத் தொடாமலே திரும்பினேன். இறங்கும்போது பாதை முழுக்க இலை. மேலே சருகு மொறமொறவென்று காய்ந்திருக்கும். அடியில் ஈரம் ஊறிச் சோப்பு மாதிரி வழுக்கும். கல் எது, பள்ளம் எது என்றே தெரியாது. திறந்த வெளியில் வெளிச்சம் இருக்கும்போதே மரங்களுக்குள் இருட்டிவிட்டது. 40 சதவீதம் சார்ஜ் காட்டிய போன் குளிரில் அணைந்துபோனது. தலையில் மாட்டும் டார்ச் பையின் அடியில் கிடந்தது. விரல்கள் மரத்துப்போய் ஜிப்பைப் பிடிக்கவே முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்துத்தான் திறந்தேன். அன்றிலிருந்து டார்ச் என் சட்டைப் பையில், விசில் கழுத்தில். போன் உடம்புச் சூடு படும்படி உள்சட்டைக்குள்.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 10 டிகிரி என்றால் உங்கள் உச்சியில் சுமார் 2. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்பு உணர்வது மைனஸ் 5. பருத்திச் சட்டை வேண்டாம்; வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளி அல்லது சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணி போடுங்கள். நின்றால் போட்டுக்கொள்ள இன்னொரு கனமான மேல்சட்டை பையில் இருக்கட்டும்.

வீணா என்று கேட்டீர்கள். திரும்பிய அன்று எனக்கு வலித்தது, உண்மை. ஆனால் அன்று காலை பனிமூட்டம் விலகியபோது, காற்றே இல்லாமல் மஞ்சள் இலைகள் ஒன்றொன்றாக உதிர்ந்ததையும், அவை தரையில் படும் சத்தம் கேட்குமளவுக்கு இருந்த அமைதியையும் நான் உச்சியில் பார்க்கவில்லை. பாதி வழியில்தான் பார்த்தேன். மறு வருடம் செப்டம்பர் நடுவில் போனேன். பகல் இரண்டு மணி நேரம் நீளமாக இருந்தது. உச்சியும் கிடைத்தது. உங்களுக்கும் தேதியை முன்னால் நகர்த்த முடியுமானால் நகர்த்துங்கள்.

கேள்வி: வழி தவறினால் கத்தினால் போதாதா, விசில் எதற்கு? (ஒரு வாசகர்)

பதில்: குரல் சீக்கிரம் கம்மிவிடும், விசில் சத்தம் தொலைவுக்கும் போகும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று என்று பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அதன் பிறகும் நிறுத்தாதீர்கள். அவர்கள் உங்களை வந்து சேரும்வரை ஊதுங்கள். இருட்டில் டார்ச்சையும் இதே எண்ணிக்கையில் அணைத்து அணைத்துக் காட்டலாம்.