13,000 ரூபாய் போட்டால் புத்தகச் செலவு குறையுமா?

கேள்வி: கும்பகோணத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. மாதம் மூன்று புத்தகமாவது வாங்கிவிடுவேன், ஒன்று சராசரியாக 300 ரூபாய். பெரும்பாலும் தமிழ் நாவல், சிறுகதை, கட்டுரை. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. "மின்நூல் வாசிக்கும் கருவி, அந்தக் கிண்டில் ஒன்று வாங்கிவிடு, ஒரே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்கிறார் கணவர். நாங்கள் பார்த்து வைத்திருப்பது 12,000 ரூபாய், உறைக்கு 1,000. வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா? அதில் மின்நூல் வாசிக்க மாதம் 169 ரூபாய் சந்தாவும் கட்டலாமா? போன வருஷம் வாங்கிய புத்தகங்களின் பட்டியலை, மின்நூலாகக் கிடைப்பவற்றின் விலையோடு இணைத்திருக்கிறேன்.

பதில்: பட்டியல் அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. முக்கால்வாசிப் பேர் "நிறைய வாசிப்பேன்" என்று மட்டும் எழுதுவார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன கூட்டிக் கழிப்பது?

போன வருஷம் 36 புத்தகங்கள், 10,800 ரூபாய். கணவரின் ஒரு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். மின்நூல் எல்லாமே இலவசம் என்று வைத்துக்கொண்டால்தான் 13,000 ரூபாய் பதினாலு, பதினைந்து மாதத்தில் திரும்பும். உங்கள் பட்டியல் வேறு கதை சொல்கிறது. 36-இல் மின்நூலாகக் கிடைப்பவை 20 மட்டுமே. அவற்றின் சராசரி விலை 180 ரூபாய். ஆக, ஒரு புத்தகத்துக்கு 120 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 2,400. போட்ட 13,000 திரும்ப ஐந்து வருஷம் ஐந்து மாதம் ஆகும். மற்ற 16 புத்தகங்களை எப்படியும் அச்சில்தான் வாங்கப்போகிறீர்கள்.

கருவி அத்தனை காலம் உழைக்குமா? உழைக்கலாம். பெரும்பாலும் பக்கம் திருப்பும்போதுதான் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால் பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் என் முதல் கருவி இரண்டாம் வருஷமே பேருந்து நெரிசலில் பைக்குள்ளேயே திரை விரிசல் விட்டுப் போனது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்குக் கிட்டத்தட்ட புதிதே வாங்கிவிடலாம். அதனால் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயுள் போட்டுக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்று, கணவர் கணக்கில் வராதது. நீங்கள் படித்து முடித்ததைத் தங்கைக்கும் பள்ளியில் இரண்டு ஆசிரியைகளுக்கும் கொடுப்பதாகக் கடிதக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 300 ரூபாய்க்கு நாலு பேர் வாசிக்கிறார்கள்! மின்நூலை அப்படிக் கை மாற்ற முடியாது, பழைய புத்தகக் கடையில் போடவும் முடியாது. நீங்கள் விலை கொடுத்து வாங்குவது வாசிக்கும் உரிமம்தான். 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகம் போனது போனதுதான். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோதும் இதே கதை. வாங்கியவர்கள் அலமாரி காலியானது.

சந்தா வேண்டாம். வருஷத்துக்கு 2,028 ரூபாய் ஆகிறது. உங்கள் பட்டியலில் சந்தாவுக்குள் வருவது ஆறே புத்தகம், அவற்றைத் தனித்தனியாக வாங்கினாலும் 1,080 ரூபாய்தான். கட்டுவதை நிறுத்தினால் அந்தப் புத்தகங்களும் போய்விடும். ஆசை இருந்தால் மே மாத விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் கட்டி, அந்த மாதம் வெறி பிடித்தாற்போல் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே மறக்காமல் ரத்து செய்துவிட வேண்டும்.

தவணையும் வேண்டாம். 'வட்டியில்லா' என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், அவ்வளவே. அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரி, கருவியே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. 47 வயதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதிக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை ரூபாயில் சொல்ல எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளும் அப்படித்தான். பழைய இலக்கியமும் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களும்தான் உங்கள் வாசிப்பு என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். பாரதியும் கல்கியும் காசில்லாமல் கிடைக்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: பழைய நூல்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆறு அங்குலத் திரையில் வாசிக்கவே முடியாது, கண்தான் வலிக்கும். திரைக்குத் தக்கபடி எழுத்து அமையும் ஈபப் வடிவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் பெரும்பாலானவை புது எழுத்தாளர்கள், சிறு பதிப்பகங்கள். 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் வந்தபிறகும் அந்தப் பக்கம் இன்னும் அரைகுறைதான்.

முதலில் செலவே இல்லாமல் ஒரு சோதனை. கைபேசியில் கிண்டில் செயலியை இறக்கி, அடுத்த இரண்டு மாதம் மின்நூல் கிடைப்பதையெல்லாம் வாங்கி அதிலேயே படியுங்கள். கைபேசித் திரை கண்ணைக் கூசத்தான் செய்யும், கருவியில் அது குறையும். திரையில் நாவல் முடிக்க உங்களுக்கு ஓடுகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். நாலு புத்தகமாவது முடித்துவிட்டீர்கள் என்றால், பண்டிகைக்காலத் தள்ளுபடியில் முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பட்டியலில் ஒன்பது புத்தகங்களுக்கு எதிரே 'இன்னும் பிரிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2,700 ரூபாய். கருவி வாங்கி வருஷம் முழுக்க மிச்சம் பிடிக்கும் 2,400-ஐ விட அதிகம்! சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் பத்து சதவீதத் தள்ளுபடி என்று பை நிறைய அள்ளி வருவதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் குற்றம் சொல்லவில்லை. ஒன்பதையும் முடிக்கும் வரை மாதம் இரண்டு புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை நூலகத்தில் எடுங்கள். சொந்த வீடு என்றால் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராக ஆகும் செலவு ஒரு புத்தக விலைகூட இல்லை. கேட்ட புத்தகம் அங்கே இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஆசிரியை கேட்டால் கொஞ்சம் கவனிப்பார்கள்.