மறு: முதல் சர்வர் விழுந்தால் போன்கள் இரண்டாவதுக்கு மாறுவதில்லை

வணக்கம். முதல் சர்வரான ஜூரோங் சர்வரை நிறுத்தினால் இணையவழி (எஸ்ஐபி) போன்கள் இரண்டாவதான தெம்பனிஸ் சர்வருக்குப் போகவில்லை, எஸ்ஆர்வி பதிவு (எந்தச் சர்வரை எந்த வரிசையில் அணுகுவது என்று சொல்லும் டிஎன்எஸ், அதாவது இணையப் பெயரேட்டுப் பதிவு) சரியாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். போனில் சர்வர் பெயரோடு 5060 என்று போர்ட் (இணைப்பு வாயில் எண்) போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள், சில போன்களில் 0 போட வேண்டும். எஸ்ஐபி சர்வரைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லும் ஆர்எஃப்சி 3263 என்ற தரநிலைப்படி, போர்ட் கொடுத்தால் போன் எஸ்ஆர்வியைத் தேடவே தேடாது. சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்கு வைத்துக்கொடுத்தபோது இதே இடத்தில் நானும் ஒரு முழு ஞாயிறைத் தொலைத்தேன்.

அப்புறம், எஸ்ஆர்வி பதிவின் முன்னுரிமையில் சிறிய எண்தான் முதலில்: ஜூரோங்குக்கு 10, தெம்பனிஸுக்கு 20.

அதன் பிறகும், ஜூரோங் விழுந்ததும் வரும் முதல் அழைப்பு அரை நிமிடம் ஊமையாக இருக்கலாம். யுடிபியில் (பெற்றதற்கு உறுதி கேட்காமல் தரவை அனுப்பும் முறை) பதிலே வராவிட்டால் வழக்கமாக 32 விநாடி காத்த பிறகுதான் போன் கைவிடும். டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) குறைத்தால் இது தீராது; அந்தக் காத்திருப்பைப் போனிலேயே குறைக்க முடிகிறதா பாருங்கள்.