அறிவியல் ஆங்கிலக் கட்டுரையில், சோதனையில் நாம் கண்ட இயக்கத்தை எப்படி எழுதுவது?

அப்படிக் கண்ட இயக்கத்தை விவரிப்பது என்றால், ஒரு பொருள் எதைப் பொறுத்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் நகர்ந்தது என்று சொல்வது. ஏன் நகர்ந்தது என்பது விவாதப் பகுதிக்கு உரியது.

எதைப் பொறுத்து என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரயிலில் இருக்கும்போது பக்கத்துத் தண்டவாள வண்டி கிளம்பினால், நம் வண்டி நகர்வதாகத் தோன்றும் அல்லவா? அதனால்தான் 'ரெலடிவ் டு' போட்டு ஒப்பிடும் பொருளைச் சொல்ல வேண்டும்.

'த பீட் மூவ்ட் குவிக்லி' (சிறு பாசிமணி வேகமாக நகர்ந்தது) என்பதில் தகவலே இல்லை. 'த பீட் மூவ்ட் 4 மிமீ டு த ரைட், ரெலடிவ் டு த ட்யூப், இன் 2 செகண்ட்ஸ்' என்றால் படிப்பவரே சராசரி வேகத்தை, நொடிக்கு 2 மிமீ என்று, கணக்கிடலாம். ஆனால் தொடக்க, முடிவு இடங்களை மட்டும் அளந்துவிட்டு 'அட் கான்ஸ்டன்ட் ஸ்பீட்' என்று எழுதக் கூடாது. இடையில் மணி நின்று கிளம்பியிருக்கலாம்.

குறிப்பிட்ட ஒரு சோதனையில் கண்டதற்கு இறந்தகாலம். எப்போதும் பொருந்தும் விதிக்கு நிகழ்காலம். ஓர் உயிரணு (செல்) தப்பிக்க 'ட்ரைட்' (முயன்றது) என்று எழுதினால் அதற்கு நோக்கம் கற்பித்ததாகிவிடும்.

அறிவியல் ஆங்கிலம் என்றாலே செயப்பாட்டு வினைதான் என்பது தவறான எண்ணம்: தானாக நகர்ந்த மணியை 'வாஸ் மூவ்ட்' என்றால், யாரோ நகர்த்தியதாகவே பொருள்படும்.